வளையம் விழும் இடம்

ஃபெரிஸ்வில், பென்சில்வேனியா
அக்டோபர் 4, 1954

அன்புத் தங்கை லுட்மிலாவுக்கு அண்ணன் யூராய் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். நீ கடிதம் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. நியூயார்க்கில் தபால்தலை விற்பதை நிறுத்திவிட்டார்களா என்று வெரோனா கேட்கிறாள். அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் தங்கியிருக்கிறது. மார்ச்சில் எதிர்பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அப்பாவும் சுகம்தான். எழுபத்தொன்று முடிந்தும் தினமும் காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து சலூனுக்கு இறங்கி வந்து, நான் முடி வெட்டுவதில் குற்றம் கண்டுபிடிக்கிறார். ஊரில் அவரைப்போல நல்ல மனிதர் கிடையாது என்று பேச்சு. நானும் ஆமாம் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பல் டாக்டர் படித்து முடித்த பத்திரிகைகளைச் சலூனுக்குக் கொடுத்துவிடுவார். போன செவ்வாய்க்கிழமை வந்த கட்டைப் பிரித்தால் உன் போட்டோ. பக்கத்திலேயே நீ வரைந்த படம், முழுப் பக்கத்துக்கு. வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரே ஒரு கோடு, மேலே இடப்பக்கத்திலிருந்து கீழே வலப்பக்கத்துக்கு. கொஞ்சம் இடம் விட்டு ஒரு புள்ளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நோவோட்னியிடம் காட்டினேன். "எங்க மாடு வாலைச் சேத்துல நனைச்சுட்டு ஆட்டினா இதைவிட நல்லா இருக்கும்" என்றான். அவன் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறேன் என்பதை ஞாபகப்படுத்தினேன். கட்டுரை எழுதியவர் பெரிய படிப்பாளி போலிருக்கிறது. அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் உள்ள கையகல வெற்றிடத்தில் ஓவியர் மூச்சை அடக்கிக்கொள்கிறார், அங்கேதான் ஓவியமே இருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

அப்போது வெரோனா எனக்குக் காபி கொண்டுவந்தாள். எட்ட நின்றே படத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க முதுகைப் போட்டிருக்காங்க?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எட்டு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் படுத்துத் தூங்குகிறவள் அவள்தான். என் முதுகு எனக்குத் தெரியாது. புதன்கிழமை அரை நாள் விடுமுறையில் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். பின்கழுத்தைக் காட்டுகிற கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பெரிய கண்ணாடியின் முன்னால் நின்று பார்த்தேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, பத்திரிகையைத் துண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

வேறு ஒன்றும் வேண்டாம் லுட்கா. அது இல்லை என்று ஒரு வரி எழுது. அப்பா சவரக் கத்தி தீட்டுகிற தோல்வார் இன்னும் அதே நாற்காலியில்தான் தொங்குகிறது. நானும் தினமும் அதில்தான் கத்தி தீட்டுகிறேன். வேலைக்கான சாமான், அவ்வளவுதான் என்று என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். குழந்தை பிறப்பதற்குள் அந்தப் பழைய சமாசாரமெல்லாம் செத்துத் தொலைந்திருக்க வேண்டும். அதற்கு நீ உதவி செய்ய வேண்டும்.

வெரோனா உன்னை முத்தமிட்டதாக எழுதச் சொன்னாள்.

அன்பு மாறாத அண்ணன்,
யூராய்

⁂

கிழக்குப் பத்தாம் தெரு, நியூயார்க்
அக்டோபர் 11, 1954

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் வெரோனாவுக்கு என் முத்தங்கள், வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து. இந்தச் சங்கதியை முதல் வரியில் எழுதாமல் வாந்திக்கு நடுவில் எழுதியிருக்கிறாய். உன்னைத் திருத்த முடியாது.

படத்தைப் பற்றிக் கேட்டாய். வெரோனாவுக்கு மசக்கை, சுவரில் ஈரம் படிந்தாலும் மனித முதுகாகத்தான் தெரியும். அது எதனுடைய படமும் இல்லை, அண்ணா. எதனுடைய படமும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் ஏழு வருஷம் பட்டினி கிடந்தேன். ஆப்பிள் வரைந்தேன், அப்புறம் ஆப்பிளை உடைத்து வரைந்தேன், அப்புறம் சதுரங்கள். ஒன்றும் தேறவில்லை. ஒருநாள் எரிச்சலில், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற தூரிகையைத் துடைப்பக் கட்டையில் கட்டி, கறுப்பு எனாமலில் முக்கி, காதுக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து ஒரே வீச்சாக வீசினேன். கைதான் போட்டது; நான் போடவில்லை. சரியாக இருந்தால் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் துணியைக் கிழித்துவிடுவேன். திருத்துவது கிடையாது. அந்தப் புள்ளி, தூரிகையின் நுனியில் தங்கியிருந்த பெயின்ட் கடைசியில் தெறித்து விழுவது. படிப்பாளிகள் அதைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொள்வதற்கு நான் என்ன செய்ய?

இங்கே கோடு என்றால் விளையாட்டு இல்லை. நாங்கள் ஓவியர்கள் எல்லோரும் கூடுகிற மதுக்கடையில் போன வாரம் பெரிய சண்டை. போட்ட கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போடுகிறவன் பேடி என்று ஒருவன் சொன்னான். துடைக்கிற பழக்கமுள்ளவன் எழுந்து வந்து பீர்க் குவளையை அவன் வாயில் இறக்கினான். இரண்டு பல். ரத்தத்தைத் துப்பிவிட்டு, "இதைத் துடைச்சுட்டு மறுபடி போடேன் பார்ப்போம்" என்றான் அடிபட்டவன். எல்லோரும் கைதட்டினோம். என்னை அங்கே கசாப்புக்காரி என்று கூப்பிடுகிறார்கள். பாராட்டுதான்.

ஜனவரியில் எனக்குத் தனியாகக் கண்காட்சி. எட்டுப் பெரிய துணிகள் தொங்கப்போகின்றன. நீ அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. நான் வேலை செய்வதைக் கண்ணால் பார். தச்சு வேலையைப்போல இதுவும் ஒரு வேலை என்பது தெரிந்துவிடும். பிறகு நிம்மதியாகத் தொட்டில் செய்யலாம்.

உன் அன்புத் தங்கை,
லுட்கா

⁂

ஃபெரிஸ்வில்
அக்டோபர் 17, 1954

லுட்கா,

நன்றாகப் பூசி மெழுகியிருக்கிறாய். பெயின்ட் உன் தொழில் அல்லவா?

அந்தப் புள்ளி பெயின்ட் தெறித்தது என்று எழுதுகிறாய். பத்திரிகைக்காரரிடம் சொல், நம்புவார். தோல்வாரின் நுனியில், நாற்காலியில் மாட்டுவதற்கு இரும்பு வளையம் இருக்கிறது. வார் முதுகில் படிந்து முடிந்தவுடன் நுனி எழும்பும். வளையம் கையகலம் தள்ளித் தனியாக விழும். கோடு மூன்று வாரத்தில் ஆறி மெல்லிய தழும்பாகிவிடும். வளையம் விழுந்த இடம் ஆறவே ஆறாது. எனக்கு வலப்பக்க இடுப்பெலும்பின் மேல் பதினொரு புள்ளிகள் இருக்கின்றன. கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எண்ணினேன். இதில் யார் எந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள் என்று எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

எழுதிவிட்டேன். கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்த மாதம் 31-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதல் பஸ் பிடித்தால் மதியத்துக்கு வந்துவிடலாம். வெரோனா கசகசா ரொட்டி செய்து தருகிறாளாம். நீ வேலை செய்து காட்டு, நான் பார்க்கிறேன். நான் நினைப்பது தப்பு என்று தெரிந்தால் உன் காலில் விழுகிறேன். தப்பாகவே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

யூராய்

⁂

நியூயார்க்
நவம்பர் 9, 1954

அன்பு அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள். நீ சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கிப் போன பிறகு கீழ்வீட்டுக்காரி என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். முழங்கைக்கு மேலே ஒரு முறிவு, தோள்மூட்டில் ஒன்று. ஏணியிலிருந்து விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். மதுக்கடையில் எவனோ காதலன் அடித்துவிட்டான் என்று பேசிக்கொள்கிறார்கள். அதுவே இருக்கட்டும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. நான் சொல்கிறேன். ரொட்டி சாப்பிட்டோம். நீ பெட்டிமேல் உட்கார்ந்து, புதுக் கம்பளிக் கோட்டில் பெயின்ட் படாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாய். நான் உனக்கு முதுகைக் காட்டி நின்று துணியைப் பார்த்தேன். தூரிகையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினேன். நல்ல கோடு. பின்னால் பெட்டி உருண்டது. திரும்பிப் பார்த்தால் நீ மேஜைக்கு அடியில் இருந்தாய். முழங்கால் மடங்கி, இரண்டு கையும் பிடரியைப் பொத்தி, நெற்றி தரையில். முப்பத்தாறு வயது ஆள், புதுக் கோட்டோடு.

அப்போது நான் தூரிகையைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பக்கத்துத் துணிக்கு இரண்டாவது வீச்சு ஏற்கெனவே கையில் ஏறிவிட்டது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, அண்ணா. பாதி வீச்சில் நீ எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் துணிச்சட்டத்தின் விளிம்பில் வைத்து அடித்தாய். இரண்டு முறை. மூன்றாவதற்கு நான் கீழே விழுந்துவிட்டேன். "போதும்ப்பா, போதும்ப்பா" என்று சொல்லிக்கொண்டே அடித்தாய். என்னையா அப்பா என்று கூப்பிட்டாய்? நீ என்னை அடிக்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நீ அடித்த இடம் சரியான இடம்தான்.

நீ நினைத்தது தப்பில்லை. அது அப்பாவுடைய கை. பொம்பளைப் பிள்ளையை அடிக்கமாட்டேன் என்று அவர் ஊரெல்லாம் பெருமை பேசுவார். என் பங்கும் உன் முதுகில்தான் விழுந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சலூனைச் சாத்திவிட்டு வாரைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சமையலறைக்கு வரும்போதெல்லாம் நான் கதவருகில் நின்றேன். என்மேல் ஒன்றுகூட விழுந்ததில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். பார்த்ததைக் கை கற்றுக்கொண்டுவிட்டது.

வெரோனாவிடம் ரொட்டி பிரமாதம் என்று சொல்.

லுட்கா

⁂

ஃபெரிஸ்வில்
நவம்பர் 15, 1954

அன்பு லுட்கா,

உன் கடிதத்தைச் சலூன் கழிவறையில் நின்று படித்தேன். வெரோனாவுக்கு ஒன்றும் தெரியாது. நீ ஏணியிலிருந்து விழுந்ததாக நானும் சொல்லியிருக்கிறேன். பொய்யில்கூட அண்ணன் தங்கை ஒற்றுமையாக இருக்கிறோம்.

எதை எழுதினாலும் உன் எலும்பு ஒட்டாது. மன்னித்துவிடு என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாதா கோயில் படியில் என்னிடம் அப்படிக் கேட்பார். மிட்டாய் வாங்கித் தருவார். இரண்டு வாரமாக எனக்கு ஒரே யோசனைதான். பால் குவளையைத் தட்டிவிடுகிற இரண்டு வயதுக் குழந்தைக்கு முன்னால் இந்தக் கை என்ன செய்யும்? தாடி மழிக்கும்போதும் இதே யோசனை. நோவோட்னிக்கு முந்தாநாள் காதோரம் கீறிவிட்டேன்.

ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ கதவருகில் நின்றது எனக்குத் தெரியும். குனிந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு நேரே உன் காலணிதான் தெரியும். பழுப்பு நிறம், இடது காலில் கயிறு மாறியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இவள்மேல் விழவில்லை, என்மேல்தானே விழுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஒரு நினைப்பில்தான் தாங்கினேன். நீ பயந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஏன் மூடவில்லை, லுட்கா?

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

உன் அண்ணன்,
யூராய்

⁂

நியூயார்க்
நவம்பர் 28, 1954

அன்பு அண்ணா,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்துவிட்டேன். திருத்தக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவள் நான்.

முதலில் பயந்தேன். கண்ணை மூடினேன். மூடினால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது, அதனால் திறந்தேன். திறந்த பிறகு என்னால் மூட முடியவில்லை. அந்த வீட்டில் எல்லாமே அழுக்கு, நெரிசல், முட்டைக்கோஸ் வாடை. எல்லோரும் எதையாவது பாதியில் விட்டுவிடுவார்கள். சரியாக ஆரம்பித்து, தயங்காமல் போய், சரியான இடத்தில் முடிகிற ஒரே ஒரு காரியம் வாரத்துக்கு ஒருமுறை அங்கே நடந்தது. அது நடந்த இடம் உன் முதுகு. நான் எட்டு ஒன்பது வயதுப் பெண். வலி வேறு, கோடு வேறு என்று என் கண் எப்படியோ பிரித்து வைத்துக்கொண்டுவிட்டது. இப்போதும் அப்படித்தான்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் முன்னே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். எனக்கு ஒன்பது வயதில், அப்பாவின் தலைமுடித் தைலம், பச்சை பாட்டில், உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? நீ உடைத்ததாக ஒப்புக்கொண்டாய். அன்றைக்குத்தான் அவர் நிறுத்தாமல் அடித்தார். நீ இரண்டு நாள் குப்புறப் படுத்திருந்தாய்.

அது கைதவறி விழவில்லை. நான்தான் தள்ளிவிட்டேன். அதற்கு முந்தைய மூன்று சனிக்கிழமைகளில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். கண்காட்சி ஜனவரி 10-ஆம் தேதி. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. எட்டுத் துணியையும் கழற்றி அடுப்பில் போட்டுவிடுகிறேன். இடது கையால் முடிகிற காரியம்தான். புத்தாண்டுவரை காத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் தொங்கவிடுவேன். அவை இல்லாவிட்டால் என்னிடம் வேறு எதுவும் கிடையாது, அதையும் தெரிந்துகொள்.

உன் தங்கை என்று கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை.

லுட்மிலா

⁂

நியூயார்க்
ஜனவரி 23, 1955

அண்ணா,

பதில் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போட்ட அட்டைக்கும் பதில் இல்லை. தொங்கவிட்டுவிட்டேன்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. எட்டாவது துணிக்கு முன்னால்தான் எல்லோரும் நிற்கிறார்கள். நீ வந்த அன்றைக்கு இரண்டாவதாக வீசியது அது. பாதியில் நின்று, பக்கவாட்டில் இழுபட்டு, கீழே என் விரல்களின் தடம். இப்படி நட்ட நடுவில் கோட்டைக் கைவிடுவதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்று அந்தப் பழைய படிப்பாளியே எழுதியிருக்கிறார். வீசும்போது என்ன நினைத்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். ஒன்றும் நினைக்கவில்லை என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இனி எழும்பாது என்கிறார் டாக்டர். தலை வாரிக்கொள்ளக்கூட இடது கைதான். இடது கையாலேயே வீசிப் பார்த்தேன். வேறு யாரோ ஒருத்தியின் கோடு வருகிறது, தயங்கித் தயங்கி. உனக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்றால் சந்தோஷப்படு. எனக்கு உன்மேல் கோபம் வரவேண்டும் என்று தினமும் முயற்சி செய்கிறேன், வரமாட்டேனென்கிறது. எனக்கு நீ வேண்டும், அண்ணா. திட்டியாவது நாலு வரி எழுது. வெரோனா எப்படி இருக்கிறாள்?

லுட்கா

⁂

மார்ச் 20, 1955

லுட்மிலா,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. கடைசிக் கடிதத்தை நோவோட்னி சலூனிலிருந்து எடுத்துவந்து கொடுத்தான். நாங்கள் இப்போது அங்கே இல்லை. எங்கே இருக்கிறோம் என்று இதில் எழுதவில்லை. உறையின் மேல் முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. வேறொரு ஊரில் போட்டுவிடும்படி ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நவம்பரில் உன் கடிதம் வந்ததும், வேண்டாம் எரித்துவிடு என்று பதில் எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அது நடந்துவிட்டது. டிசம்பர் நாலாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. அப்பா துண்டுகளை எடுக்கப் போனவர் பத்திரிகையைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடியில் செருகினார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"என் கை இது" என்றார். சலூனில் மூன்று பேர் இருந்தார்கள், ஒருவனுக்கு முகம் முழுக்க நுரை. "பாருங்கய்யா, என் கை அப்படியே பொண்ணுக்கு வந்திருக்கு. பையனுக்குத்தான் வரலை."

எல்லோரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமல்தான் சிரித்தார்கள், பாவம்.

நான் நாற்காலியிலிருந்து வாரைக் கழற்றினேன். அப்போதுதான் கத்தி தீட்டுவதற்காக அதில் கறுப்புப் பசை தடவி வைத்திருந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி, வெள்ளைக் கோட்டோடு, உன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடித்தேன். வெரோனா மாடிப்படியில் நின்றிருந்தாள், அதைக்கூடக் கவனிக்கவில்லை.

இனி எழுதப்போவதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அவர் தடுமாறி அலமாரியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வெள்ளைக் கோட்டின் மேல், இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை, கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. கொஞ்சம் இடம் விட்டு வளையத்தின் புள்ளி. முப்பத்தாறு வருஷத்தில் முதல்தடவை அதை நான் நேருக்கு நேர் பார்த்தேன். என் முதுகில் எத்தனையோ முறை விழுந்தது. அதில் எனக்கு ஒரு கோடும் தெரிந்ததில்லை. எரிச்சல் தெரியும், உன் காலணி தெரியும், என் பல் அரைபடுவது தெரியும். இப்போது பார்த்தேன். அழகாக இருந்தது, லுட்மிலா. நீ எழுதியது பொய்யில்லை.

இரண்டாவது முறை கையை ஓங்கினேன். கோபத்தில் ஓங்கவில்லை. கோபம் முதல் அடியோடு போய்விட்டது. முதல் கோடு நடுவில் கொஞ்சம் நெளிந்துவிட்டது, அடுத்தது சரியாக வரவேண்டும் என்று ஓங்கினேன். அப்பா அலமாரியைப் பிடித்தபடி தலையை மட்டும் திருப்பி என் கையைப் பார்த்தார்.

"மணிக்கட்டை விடுடா. இறுக்கிப் பிடிச்சிருக்கே" என்றார். சின்ன வயதில் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அதே குரல்.

வாரை அங்கேயே போட்டேன். மாடிக்குப் போய்க் கையில் ஒட்டியிருந்த கறுப்புப் பசையைக் கழுவினேன். அன்றைக்கே வெரோனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கை எப்படி முறிந்தது என்பதைச் சொன்னேன். நம் குழந்தைமேல் என்றைக்காவது இந்தக் கை எழுந்தால் என்னை ஒரு வார்த்தை கேட்காதே, நான் அழுதாலும் நிற்காதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடு என்றேன்.

"அதை நீங்க சொல்லித்தான் தெரியணுமா? பெட்டி நவம்பர்லயே கட்டியாச்சு" என்றாள்.

அவளுக்கு நாம் சொன்ன ஏணியில் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை கிடையாதாம். அந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இங்கேயும் அது கதவருகில்தான் இருக்கிறது. எனக்கு அது இருப்பது நல்லது. முடி வெட்டுவதை விட்டுவிட்டேன், பால் வண்டி ஓட்டுகிறேன். அப்பா தனியாகச் சமாளிக்கிறார். அந்தக் கோட்டைத் துவைக்காமல் மாட்டிக்கொண்டு திரிகிறாராம்.

படங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எரி, தொங்கவிடு, எனக்கு ஒன்றுதான். உன் கையை முறித்தது என் பாவம். அதை நான் சாகும்வரை சுமப்பேன். அதற்குப் பதிலாக எதையும் உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. பாட்டிலைப் பற்றி நீ எழுதியபோது, ஒன்பது வயதுக் குழந்தை, அதற்கு என்ன தெரியும் என்று உன்னை மன்னித்துவிட்டேன். கடிதம் வந்த அதே நாளில், வார் தொங்குகிற அதே நாற்காலியில் உட்கார்ந்து மன்னித்தேன். டிசம்பரில் கையை இரண்டாவது முறை ஓங்கிய பிறகு அந்த மன்னிப்பு போய்விட்டது. நீ ஏன் அந்தப் பாட்டிலைத் தள்ளினாய் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு தடவை பார்ப்பதற்காக நானும் தள்ளியிருப்பேன். அப்படிப் புரிந்துகொள்கிற ஒரு ஆள் உன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது. நான் உன்னோடு பேசப் பேச அந்த ஆள் எனக்குள் வளர்வான். அவனைப் பட்டினி போட வேண்டும்.

மார்ச் எட்டாம் தேதி குழந்தை பிறந்தது. பெண். ஏழு பவுண்டு, தலை நிறைய முடி. வெரோனா நலம். பெயர் வைத்தாகிவிட்டது. அதை உனக்கு எழுதமாட்டேன்.

எங்களைத் தேடாதே. எலும்பு ஒட்டிய இடம் குளிர் காலத்தில் குடையும் என்று இங்கே ஒரு கிழவர் சொன்னார். கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு படு.

யூராய்